நெல்லை சொதி திரியாம வைக்கிறது எப்படி, கூடவே மாமியார் சொல்லாம விட்ட சமாச்சாரங்கள்

கேள்வி இதுதான்: "எனக்கு சொந்த ஊர் ஈரோடு, வாக்கப்பட்டது திருநெல்வேலி, இப்ப இருக்கிறது பெங்களூர். மாமியார் போன்ல சொன்ன மாதிரியேதான் சொதி வைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தேங்காப்பால் திரிஞ்சு போகுது. வீட்டுக்காரர் 'வெள்ளை குருமா நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு தட்டைத் தள்ளி வைக்கிறார். அடுத்த வாரம் நாத்தனார் குடும்பத்தோட வராங்க, மொத்தம் எட்டு பேர். யாராச்சும் அளவோட சொல்லுங்களேன்."

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, உங்க மாமியார் எதையும் வேணும்னு மறைக்கல. ரெசிபி கேட்டா மருமகள்கிட்ட ஒரு ஐட்டத்தை விட்டுட்டு சொல்ற மாமியார்கள் இருக்காங்கதான், இல்லன்னு சொல்ல மாட்டேன், எங்க சொந்தத்துலயே ஒரு பெரியம்மா அதிரசத்துக்கு பாகுபதம் மட்டும் சொல்லவே மாட்டாங்க, கேட்டா அந்த நேரம் பார்த்து அவங்களுக்கு காது கேக்காது. ஆனா சொதி விஷயம் அப்படி இல்ல. நாப்பது வருஷமா வைக்கிறவங்களுக்கு எது எல்லாம் ஒரு ஸ்டெப்புன்னே தெரியாது. கை அதுபாட்டுக்கு செய்யும். நீங்க போன்ல "எவ்ளோ போடணும் அத்தை"ன்னு கேட்டா "கண்ணளவுதாம்மா"ன்னுதான் பதில் வரும். கேக்க வேண்டிய கேள்வி வேற, "எப்போ அடுப்ப அணைப்பீங்க, அணைக்கிறப்ப அது பார்க்க எப்படி இருக்கும்"னு கேளுங்க, அப்ப கடகடன்னு கொட்டுவாங்க.

சொதி பத்தி தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. நெல்லைப் பக்கம் சைவப் பிள்ளைமார் வீட்டு கல்யாணத்துல, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு சாப்பாட்டுக்கு போடறது இது, மாப்பிள்ளை சொதின்னே பேரு. பாசிப்பருப்பு, காய், தேங்காப்பால், பச்சை மிளகா, கடைசில எலுமிச்சம்பழம். புளி கிடையாது, மிளகாப்பொடி கிடையாது. தொட்டுக்க இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தே ஆகணும். இவ்ளோ தேங்காப்பால் வயித்துல இறங்கினா மந்தமா இருக்குமேன்னு அதுக்கு இஞ்சின்னு பெரியவங்க சொல்வாங்க. எங்க தாத்தா சொல்ற காரணம் வேற, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை பந்தல் கணக்கு, சீர் கணக்குன்னு எதையாச்சும் ஆரம்பிப்பாராம், சொதிய ரெண்டு கரண்டி சேர்த்து ஊத்தினா சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாராம்.

இலங்கைலயும் சொதி இருக்கு, ஆனா அது வேற வீட்டுப் புள்ள. தேங்காப்பால்ல வெங்காயம், பச்ச மிளகா, வெந்தயம், மஞ்சள் எல்லாம் போட்டு தண்ணியா வச்சு தேசிக்காய்னு அவங்க சொல்ற எலுமிச்சம்பழத்த பிழிஞ்சு விட்டு இடியாப்பத்துக்கு ஊத்திக்குவாங்க, மீன் போட்டும் வைப்பாங்க. பருப்பும் இத்தன காயும் போட்டு சோத்துக்கு ஊத்திக்கிறது நம்ம நெல்லை வகை. ரெண்டும் நல்லாருக்கும், எது ஒசத்தின்னு சண்டைக்கு நான் வரல.

இப்ப உங்க பிரச்சனைக்கு வரேன். தேங்காப்பால் ஏன் திரியுதுன்னா, அதுல இருக்கிறது கொழுப்பும் தண்ணியும், ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுட்டு இருக்கிறது அதுல உள்ள கொஞ்சூண்டு புரதம். கிட்டத்தட்ட 80 டிகிரி தாண்டினா அந்தப் புரதம் கட்டியாக ஆரம்பிக்கும், பிடி விட்டுடும், கொழுப்பு தனியா தண்ணி தனியா நிக்கும். புளிப்பு பட்டாலும் இதேதான் நடக்கும். அப்ப கொதிக்கிற பால்ல எலுமிச்சம்பழத்த பிழிஞ்சா என்ன ஆகும், ரெண்டு அடியும் ஒரே நேரத்துல விழுது. நீங்க எங்க பிழியறீங்கன்னு எழுதல, ஆனா பந்தயம் கட்டுவேன், அடுப்பு எரியறப்பதான் பிழியறீங்க. உங்க மாமியார் "கடைசில எலுமிச்சம்பழம் பிழிஞ்சிக்கோ"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க கடைசின்னு சொல்றது சட்டிய இறக்கி வச்சு, அப்பளம் பொரிச்சு, இலை போட்டு, மாமனார எழுப்பி உக்கார வச்சதுக்கு அப்புறம் வர்ற கடைசி. நீங்க நினைக்கிற கடைசி கேஸ் சுவிட்ச்சுக்கு முந்தின கடைசி. இந்த பத்து நிமிஷம்தான் உங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ரெண்டாவது விஷயம் பெங்களூர். தேங்காய துருவி ஃப்ரிட்ஜ்ல வச்சு, அப்படியே எடுத்து மிக்ஸில போட்டு பச்சத்தண்ணி ஊத்தி அடிப்பீங்க, பால் தண்ணியா வரும், சக்கைல பாதி கொழுப்பு தங்கிடும். தேங்கா கொழுப்பு 24 டிகிரி வாக்குலதான் உருகும், அதுக்குக் கீழ கட்டியாவே இருக்கும். திருநெல்வேலில மே மாசம் அடுப்படில நின்னா நாமளே உருகிடுவோம், தேங்கா உருகறதுக்கு கேக்கவா வேணும், அதனால அங்க யாரும் இத ஒரு விஷயமா சொல்ல மாட்டாங்க. நீங்க துருவல வெளிய எடுத்து வச்சு குளிர் போனதும், கை பொறுக்கிற சூட்டுல வெந்நி ஊத்தி அரைங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம்.

இனி அளவு. எட்டு பேருக்கு, அதுல நெல்லைக்காரங்க இருக்காங்கன்னா தாராளமாத்தான் வைக்கணும். நடுத்தர தேங்கா மூணு. முதல் பால் 2 கப், ரெண்டாம் பால் 3 கப், மூணாம் பால் 3 கப், மூணையும் தனித்தனி பாத்திரத்துல வைங்க, வீட்ல யாராச்சும் மூணையும் ஒண்ணா ஊத்தி "பாத்திரம் மிச்சம் பண்ணேன்"னு வந்து நிக்க வாய்ப்பு உண்டு, அதனால ஒரு கண்ணு அங்கயே இருக்கட்டும். பாசிப்பருப்பு 150 கிராம். உருளைக்கிழங்கு 3, கேரட் 3, முருங்கைக்கா 2, பீன்ஸ் ஒரு கைப்பிடி, பட்டாணி ஒரு கைப்பிடி. சின்ன வெங்காயம் 30, உரிக்க ஆள் கிடைச்சா. பூண்டு 20 பல், முழுசா. பச்சை மிளகா 10 லேருந்து 12, இஞ்சி ரெண்டு விரல்கடை, எலுமிச்சம்பழம் 2. பெரிய வெங்காயத்துல பண்ணலாமான்னு கேப்பீங்க, பண்ணலாம், ஆனா நாத்தனார் வர்ற அன்னிக்கு வேண்டாம்.

பருப்ப வெறும் சட்டில லேசா வாசம் வர்ற அளவு வறுத்து, குழைய வேக வச்சு மசிச்சுக்கோங்க. இந்தப் பருப்பு ருசிக்கு மட்டும் இல்ல, சொதிக்கு ஒரு கெட்டித்தனம் குடுத்து கொழுப்பு சட்டுனு மேல ஏறி மிதக்காம பார்த்துக்கும். அகலமான சட்டில தேங்கா எண்ணெய் ரெண்டு ஸ்பூன் ஊத்தி பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு வதக்குங்க, சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனா போதும், சிவந்தா சொதி நிறம் மாறிடும். பச்சை மிளகாயும் இஞ்சியும் நைசா அரைச்ச விழுத அதுல போட்டு பச்ச வாசம் போற வரைக்கும் பிரட்டணும், இந்த இடத்துல அவசரப்பட்டா கடைசி வரைக்கும் அந்தப் பச்ச வாசம் போகாது. அப்புறம் காய், உப்பு, மூணாம் பால். இது நல்லா கொதிக்கலாம், கொழுப்பும் புரதமும் இதுல கம்மி, ஒண்ணும் ஆகாது. முக்கால் வேக்காடுல முருங்கைக்காய போடுங்க, முதல்லயே போட்டா நார் நாரா பிரிஞ்சு யாருக்கு எது வந்துச்சுன்னே தெரியாம போயிடும்.

காய் வெந்ததும் மசிச்ச பருப்பு, ரெண்டாம் பால். தீய குறைச்சு மெதுவா தளதளன்னு அஞ்சு நிமிஷம். உப்பு, காரம் எல்லாம் இப்பவே சரி பார்த்துடுங்க, ஏன்னா இதுக்கப்புறம் கிண்டிக் கிண்டி ருசி பார்த்துட்டு இருக்க நேரம் இல்ல. காரம் கொஞ்சம் தூக்கலா தெரியணும், முதல் பால் வந்து அமுக்கிடும்.

இப்ப தீய சிம்ல வச்சு முதல் பால ஊத்துங்க, ஊத்திட்டு ஒரே பக்கமா மெதுவா கிளறிட்டே இருங்க. போன் எடுக்காதீங்க, வாசல்ல கொரியர்காரர் பெல் அடிச்சாலும் போகாதீங்க. ஓரத்துல சின்னச் சின்னதா நுரை கட்டும், நடுவுல அசைவே இருக்காது, ஆவி லேசா வரும். அதான் நேரம். அணைங்க. அணைச்சா மட்டும் போதாது, சட்டிய அடுப்ப விட்டே இறக்கிடுங்க. அடி கனமான பாத்திரம், மண்சட்டி, இண்டாலியம் சட்டி எல்லாம் அணைச்ச பிறகும் சூட்ட பிடிச்சு வச்சுட்டு உள்ள வேலைய தொடரும், நீங்க நல்லபடியா இறக்கிட்டேன்னு திரும்பறதுக்குள்ள திரிஞ்சிருக்கும். மூடியும் போடாதீங்க. பத்து நிமிஷம் கழிச்சு விரல் வச்சா பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழம், அதுவும் கொட்டை எடுத்து தனியா பிழிஞ்சு வச்சுட்டு ஒவ்வொரு ஸ்பூனா விட்டு ருசி பாருங்க. நெய்ல கடுகு, சீரகம், கறிவேப்பில, முந்திரி தாளிச்சு மேல ஊத்தினா முடிஞ்சுது.

மஞ்சப்பொடி போடலாமான்னு ஒரு பஞ்சாயத்து உண்டு. எங்க வீட்ல போட மாட்டோம், வெண்ணெய் நிறத்துல இருக்கணும்னு ஆச்சி சொல்வாங்க, ஆனா பருப்பு வேகறப்ப ஒரு சிட்டிகை போடற வீடும் பாளையங்கோட்டைல நிறைய உண்டு. கொத்தமல்லித்தழை விஷயத்துல அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை நின்ன குடும்பம் எனக்குத் தெரியும். உங்க நாத்தனார் வீட்டு வழக்கம் என்னன்னு வீட்டுக்காரர்ட்ட கேக்காதீங்க, ஆம்பளைங்களுக்கு சாப்பிட்டது ஞாபகம் இருக்கும், அதுல என்ன மிதந்துச்சுன்னு ஞாபகம் இருக்காது. மாமியார்ட்டயே கேளுங்க.

பாக்கெட் தேங்காப்பால் எடுக்கலாமான்னா, எடுக்கலாம், அது சுலபத்துல திரியாது, பிரியாம இருக்க அதுல சேர்மானம் போட்டிருப்பாங்க. கெட்டியா இருக்கிறத ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி கலந்து ரெண்டாம் பாலா வச்சுக்கலாம். ஆனா முதல் பால் மட்டும் வீட்ல எடுத்ததா இருந்தா நல்லது, அந்த இனிப்பு பாக்கெட்ல வராது. முழுக்க பாக்கெட்ல பண்ணிட்டு "ஊர்லேருந்து வந்த தேங்கா"ன்னு சொல்றது உங்க தைரியத்தப் பொறுத்தது.

இஞ்சித் துவையல் சுருக்கமா: நூறு கிராம் இஞ்சி, இளசா, நார் இல்லாம, வட்டமா அரிஞ்சு நல்லெண்ணெய்ல சுருள வதக்கணும். உளுந்தம்பருப்பு ரெண்டு ஸ்பூன், வத்தல் மிளகா ஆறு வறுத்துக்கோங்க. எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி தேங்கா, வெல்லம் ஒரு சின்ன கட்டி, உப்பு. எல்லாம் சேர்த்து கெட்டியா அரைங்க. வெல்லத்த விட்டுறாதீங்க, அது இல்லன்னா மருந்து சாப்பிடற மாதிரியே இருக்கும், பிள்ளைங்க ஒரு வாய் வச்சுட்டு உங்கள ஒரு பார்வை பாக்கும் பாருங்க.

இந்த கண்ணளவு பிரச்சனை பத்தி இன்னொண்ணு சொல்லணும், ஏன்னா இது சொதியோட நிக்காது. ஆச்சிமாருங்க ரெசிபி எல்லாம் ஆழாக்கு, உழக்குல இருக்கும். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. பொதுவா சொல்ற கணக்குல ஒரு ஆழாக்கு 168 மில்லி, அப்ப உழக்கு 336 மில்லி. 1956ல சட்டம் போட்டு கிலோ லிட்டர்னு மாத்தினாங்க, கடைக்காரர் மாறினார், ஆச்சி மாறல, அரிசிப் பானைக்குள்ள அந்த பித்தள உழக்கு அப்படியேதான் கிடந்துச்சு. இப்ப நாம 240 மில்லி கப்ப எடுத்து "ஒரு உழக்கு அரிசி"க்கு பதிலா ஒரு கப் அரிசி போடறோம். அரிசியும் தண்ணியும் ஒரே கப்ல அளந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது, விகிதம் சரியாத்தான் இருக்கும். ஆனா அதே ரெசிபில "தேங்கா ஒரு மூடி, மிளகா பத்து, பூண்டு ஒரு முழுப்பூண்டு"ன்னு எண்ணிக்கைல வர்றது எதுவும் சுருங்கல, அதனாலதான் ஆச்சி சொன்னபடியே பண்ணியும் காரம் மண்டைக்கு ஏறுது. அதோட அந்தக் காலத்து நாட்டுப்பூண்டு பொடிசு, இப்ப மார்க்கெட்ல வர்ற மலைப்பூண்டு ஒரு பல்லே கட்டை விரல் சைஸ். "இருபது பல்"னு நான் மேல சொன்னதும் சின்னப் பூண்டுக்குத்தான், பெருசா இருந்தா பத்து போதும்.

குக்கர் விசில் இன்னொரு கூத்து. "நாலு விசில்"ங்கறது நேரம் கிடையாது. தீ பெருசா வச்சா சட்டுசட்டுனு வரும், சின்னதா வச்சா ஒரு விசிலுக்கு பத்து நிமிஷம் காத்திருக்கணும், குக்கர் சைஸ், உள்ள எவ்ளோ இருக்கு, கேஸ்கட் எவ்ளோ பழசுன்னு எல்லாத்துக்கும் மாறும். எங்க மதினி ஹால்ல உக்காந்து சீரியல் பார்த்துட்டே பக்கத்து வீட்டு விசிலயும் சேர்த்து எண்ணி அணைச்ச கதை எங்க குடும்பத்துல இன்னும் ஓடிட்டு இருக்கு, கல்யாண வீட்ல யாரு பருப்பு வேகலன்னு சொன்னாலும் "எந்த வீட்டு விசில எண்ணுனீங்க"ன்னு கேப்போம். முதல் விசில் வந்ததும் தீய குறைச்சு நிமிஷக் கணக்குல வைங்க, அது எந்த வீட்லயும் ஒண்ணுதான்.

நாத்தனார் ராத்திரியும் தங்குறாங்கன்னா இன்னொரு ஐட்டம் சொல்றேன், உளுந்தஞ்சோறு. இதுக்கு தேங்காப்பால் டென்ஷன் எல்லாம் கிடையாது. பச்சரிசி வேண்டாம், நீங்க சோத்துக்கு வைக்கிற புழுங்கலரிசியே 2 கப், தோல் உள்ள கருப்பு உடைச்ச உளுந்து 1 கப், லேசா வறுத்துக்கோங்க. வெந்தயம் ஒரு ஸ்பூன், பூண்டு இருபது பல், தேங்காத்துருவல் ஒரு கப், உப்பு, தண்ணி 8 கப் வரைக்கும் பிடிக்கும். முதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல ஒரு கால் மணி நேரம். திறக்கிறப்ப வர்ற வாசத்துக்கே ஊர்க்காரங்க கிச்சனுக்கு வந்து நிப்பாங்க. பார்க்க சாம்பல் கலர்ல இருக்கும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற சாப்பாடு இல்ல அது. பந்தில தட்டுல போட்டு நடுவுல குழிச்சு நல்லெண்ணெய் ஊத்தி, எள்ளுத் துவையலோட குடுங்க. எள்ளுத் துவையல்னா கருப்பு எள்ள வெறும் சட்டில வெடிக்கிற வரைக்கும் வறுத்து, வத்தல் மிளகா, புளி, தேங்கா, பூண்டு, உப்பு வச்சு அரைக்கிறது, அவ்ளோதான். எள்ளு கருகினா கசக்கும், பட்டுப்பட்டுனு சத்தம் குறைய ஆரம்பிச்சதும் வேற தட்டுல கொட்டிடுங்க.

அல்வாவ வீட்ல கிண்டலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா கேட்டுக்காதீங்க. கோதுமைய ஊற வச்சு அரைச்சு பாலெடுத்து, புளிக்க விட்டு, மணிக்கணக்கா கிண்டணும், சொதி வைக்கிற அன்னிக்கு அதையும் சேர்த்து இழுத்து விட்டா கை சொதி கிண்டாது. ஊர்லேருந்து வர்றவங்கதானே, வாங்கிட்டு வரச் சொல்லுங்க, அவங்களே எப்படியும் ஒரு கிலோ தூக்கிட்டுத்தான் வருவாங்க.

முன்னாடி நாளே பண்ணி வைக்கலாமான்னும் கேப்பீங்க. காய் நறுக்கி வைக்கலாம், துவையல் அரைச்சு வைக்கலாம், வெங்காயம் உரிச்சு வைக்கலாம் (இத வீட்டுக்காரர்கிட்ட குடுங்க, வெள்ளை குருமான்னு சொன்னதுக்கு முப்பது சின்ன வெங்காயம் ஒண்ணும் பெரிய தண்டனை இல்ல). தேங்காப்பால் மட்டும் அன்னிக்கே எடுங்க, சீக்கிரம் புளிச்சுடும். மிஞ்சின சொதிய ஃப்ரிட்ஜ்ல வச்சா மேல கொழுப்பு கட்டி கட்டியா நிக்கும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க. நேரா அடுப்புல வைக்காம, வெந்நி இருக்கிற பெரிய பாத்திரத்துக்குள்ள சொதிப் பாத்திரத்த இறக்கி வச்சு கிளறினா பழையபடி ஆயிடும், எலுமிச்சை ஏற்கனவே உள்ள இருக்கிறதால மறுபடி கொதிக்க மட்டும் விடக்கூடாது. மறுநாள் காலைல இடியாப்பத்துக்கோ ஆப்பத்துக்கோ ஊத்திக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் ஒண்ணரைப் பங்கா பொரிச்சு, பாதிய டப்பால போட்டு மேல் ஷெல்ஃப்ல ஒளிச்சு வைங்க, இல்லன்னா பந்தி போடறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க தட்ட காலி பண்ணிடும், பிள்ளைங்க பேர்ல பெரியவங்களும்.